நிலநடுக்கம் யாரைக் கொல்கிறது?



1934 ஜனவரி 15 அன்று பிற்பகலில் பீகாரும் நேபாளமும் குலுங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒன்பது நாள் கழித்து, அரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, திருநெல்வேலியில் நடந்த கூட்டத்தில் அந்த நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசினார். தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்பது அவர் பேச்சின் சாரம். தாகூர் கடுமையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இப்படிக் காரணம் கற்பிப்பது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்றார். அந்த மறுப்பைக் காந்தி தம்முடைய 'அரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார்.

நம் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். சிரிக்க இடமும் இருக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடித்தவனைத் தண்டிக்கக் கிளம்பிய கடவுள், தீண்டப்படாதவனின் சுவரையும் சேர்த்தே இடித்தாரே, அது என்ன நீதி? ஆனால் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டால் ஒரு கேள்வி அங்கேயே கிடக்கிறது. சாதிக்கும் நிலநடுக்கத்துக்கும் தொடர்பே இல்லையா? வறுமைக்கும் அதற்கும்? பூமி நடுங்குவதற்குச் சாதியோ வர்க்கமோ காரணமில்லை. பூமி நடுங்கும்போது யார் தலையில் எது விழுகிறது என்பதற்கு அவை காரணமா என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நாடுகளின் கணக்கைப் பார்ப்போம். 2003 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 6.5 அளவில் ஒரு நிலநடுக்கம். இறந்தவர்கள் 2 பேர். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 26 விடியற்காலையில், ஈரானின் பாம் நகரில் கிட்டத்தட்ட அதே அளவில் இன்னொன்று. இறந்தவர்கள் ஏறத்தாழ 26,000 பேர். ஒப்பீட்டில் நேர்மை வேண்டும்: கலிஃபோர்னியாவில் அது வந்த இடம் மக்கள் நெருக்கம் குறைந்த பகுதி, பாம் நகரமோ நடுக்கத்தின் வாயிலேயே இருந்தது. ஊரும் தூக்கத்தில் இருந்தது. இவற்றையெல்லாம் கழித்தாலும் இரண்டுக்கும் இருபத்தாறாயிரத்துக்கும் நடுவே மிச்சம் நிறைய இருக்கிறது. அந்த மிச்சத்தின் பெயர் சுவர். கலிஃபோர்னியாவில் செத்த இருவரும்கூட, கம்பி வைக்காத பழைய செங்கல் கட்டடம் ஒன்று சரிந்துதான் செத்தார்கள். பாம் நகரில் இருந்தவை பெரும்பாலும் பச்சை மண்கல் வீடுகளும், அவசரத்தில் எழுப்பிய செங்கல் வீடுகளும்.

வீடு ஏன் விழுகிறது என்பதைக் கட்டுமானத் தொழிலில் இருக்கும் நம் ஆட்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். சாதாரண நாளில் வீட்டின் எடை நேர்கீழே இறங்குகிறது. கல்லும் மண்ணும் அதைத் தாங்கும். நிலநடுக்கம் வீட்டைப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. எடை கூடக் கூட அந்த ஆட்டத்தின் விசையும் கூடுகிறது. கூரையில் இரண்டடி மண் இருந்தால், அந்த மண் முழுவதும் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. மண்சாந்தில் அடுக்கிய கல்லுக்கு இழுவையைத் தாங்கும் வலு கிடையாது. மூலையில் விரிசல் விட்டு, சுவர் வெளியே சாய, கூரை உள்ளே இறங்குகிறது. கான்கிரீட் என்பதாலேயே தப்பிவிடலாம் என்றும் இல்லை. தூணில் ரிங் கம்பியை நெருக்கமாகக் கட்டி, அதன் கொக்கியை உள்நோக்கி மடக்கியிருந்தால் தூண் வளையும், வெடிக்கும், ஆனால் நிற்கும். ரிங்கை அடிக்கொன்று என்று கட்டி, சிமெண்டைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டி, கடல் மணலைக் கலந்திருந்தால் அது நொறுங்கும். தளத்தின் மேல் தளமாக அப்படியே படியும். உள்ளே ஆள் தப்பிக்க இடுக்குகூட இருக்காது. மண்வீட்டைவிடக் கொடிய சாவு அது.

இந்த அறிவு புதிதல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் பலூசிஸ்தானில் 1931இல் ஒரு நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர் குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புகளை நிலநடுக்கத்தைத் தாங்கும் விதமாக வடிவமைத்தார். 1935 மே 31 அதிகாலையில் குவெட்டா தரைமட்டமானது. குறைந்தது முப்பதாயிரம் பேர் செத்தார்கள். குமார் வடிவமைத்த குடியிருப்புகள் நின்றன. ஒரே நகரம், ஒரே இரவு, ஒரே நடுக்கம். ஆக, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியத் துணைக்கண்டத்தில் வழி தெரிந்திருந்தது. அரசு தனக்கு வேண்டிய ஊழியர்களுக்கு அந்த வழியில் கட்டிக் கொடுத்தது. மற்றவர்களை அவர்களுடைய சுவரிடம் விட்டுவிட்டது.

அப்படியானால் ஏழை நாடு ஏன் நல்ல சுவர் கட்டவில்லை? பணமில்லை என்பது உடனே வரும் பதில். அது பாதிப் பதில்தான். பணம் எப்படி இல்லாமல் போனது என்பது மீதி. அதற்கு ஹெய்ட்டியைப் பார்க்க வேண்டும்.

2010 ஜனவரி 12 மாலை 4.53க்கு, தலைநகர் போர்ட்டோபிரின்சுக்கு 25 கிலோமீட்டர் மேற்கே 7.0 அளவில் நிலம் அதிர்ந்தது. குடியரசுத் தலைவர் மாளிகை, பேராலயம், ஐ.நா. அலுவலகம், அமைச்சகக் கட்டடங்களில் ஏறத்தாழ எல்லாமே விழுந்தன. செத்தவர்கள் எத்தனை பேர்? ஒரு லட்சம் என்றும் சொல்கிறார்கள், மூன்று லட்சத்துக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று சிலி நாட்டில் 8.8 அளவில் வந்தது. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் சிலியில் வந்தது ஹெய்ட்டியில் வந்ததைப்போல் ஐந்நூறு மடங்கு. சிலியில் சுனாமியும் சேர்ந்து இறந்தவர்கள் ஐந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களை ஒவ்வொருவராக எண்ணினார்கள். ஹெய்ட்டியில் லாரிகளில் ஏற்றிப்போய் நகருக்கு வெளியே பெருங்குழிகளில் கொட்டினார்கள். ஏழையின் சாவுக்குத் துல்லியமான எண்கூடக் கிடைப்பதில்லை.

ஹெய்ட்டி, அடிமைகள் தாமே போராடி வென்று 1804இல் அமைத்த குடியரசு. உலக வரலாற்றில் அப்படி இன்னொன்று இல்லை. அந்த வெற்றிக்கு விலை கேட்டார்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் குடிமக்கள் இழந்த சொத்துக்காக 150 மில்லியன் பிராங்க் கேட்டது. இழந்த சொத்தில் தோட்டங்களோடு மனிதர்களும் அடக்கம். விடுதலையான அடிமை, தன் உடலுக்கான விலையைத் தன் பழைய எசமானனுக்குக் கொடுக்க வேண்டும்! பின்னர் 90 மில்லியனாகக் குறைத்தார்கள். அதைக் கட்டப் பிரெஞ்சு வங்கிகளிலேயே கடன் வாங்கினார்கள். அந்தக் கடனைக் கட்டக் கடன். முழுவதும் தீர்ந்தது 1947இல். பள்ளிக்கும் சாலைக்கும் கட்டடப் பொறியாளருக்கும் போயிருக்க வேண்டிய ஒரு நூற்றாண்டுப் பணம் அது. இடையில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அங்கே உட்கார்ந்திருந்தது.

இன்னொரு நூலையும் பிடித்துப் பார்ப்போம். நிலநடுக்கம் வந்த இடத்தில் இத்தனை பேர் ஏன் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள்? 1990களின் நடுவில், வெளிநாட்டுக் கடன் நிறுவனங்களின் நெருக்குதலில் ஹெய்ட்டி அரிசி மீதான இறக்குமதி வரியை 3 விழுக்காடாகக் குறைத்தது. அமெரிக்க அரசு மானியத்தில் விளைந்த அரிசி மலிவாக வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயி தோற்றான். நிலத்தை விட்டுத் தலைநகருக்குப் போனான். அங்கே மலைச்சரிவிலும் ஓடைக்கரையிலும், பட்டா இல்லாத இடத்தில், ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி மேலே கனமான கான்கிரீட் தளம் போட்டுக் குடியேறினான். மரத்தில் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். 1770இல் அதே நகரம் நடுங்கியபோது, பிரெஞ்சுக் குடியேற்ற அரசே கல் கட்டடங்களுக்குத் தடை போட்டு மரத்தில் கட்டச் சொன்னது. 2010 வருவதற்குள் மரம் எங்கே இருந்தது? காடு அழிந்துவிட்டது. புயல் ஆண்டுதோறும் வரும், நிலநடுக்கம் தலைமுறைக்கு ஒருமுறைகூட வராது. எனவே காற்றுக்குப் பறக்காத கனமான கூரைதான் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நிலநடுக்கவியல் அறிஞர்கள் 2008இலேயே எச்சரித்திருந்தார்கள். கேட்டுச் செயல்பட ஓர் அரசு வேண்டும் அல்லவா? கட்டட விதியை அமல்படுத்தும் ஆள்பலம்கூட அந்த அரசிடம் இல்லை.

அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த பில் கிளிண்டன், அந்த அரிசிக் கொள்கை தவறு என்று 2010 மார்ச்சில் தம் நாட்டு செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பிணங்கள் புதைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சிலி என்ன செய்தது? அது அமெரிக்காவைப் போலப் பணக்கார நாடல்ல. ஏற்றத்தாழ்வுக்குப் பேர்போன நாடுதான். ஆனால் பலமுறை அடிபட்ட நாடு. 1960இல் அங்கே வந்த 9.5தான் கருவிகளால் அளந்து பதிவான நிலநடுக்கங்களில் மிகப் பெரியது. கட்டட விதிகளைத் தொடர்ந்து இறுக்கினார்கள். அவற்றோடு ஒரு பொறுப்பையும் சேர்த்தார்கள்: கட்டி விற்பவர், கட்டமைப்பில் வரும் பழுதுக்குப் பத்து ஆண்டுகள் சட்டப்படி பொறுப்பு. 2010இல் கான்செப்சியோன் நகரில் ஒரு பதினைந்து மாடிக் குடியிருப்பு சாய்ந்து 8 பேர் இறந்தபோது, சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். நம் நாட்டில் கட்டடம் சரிந்தால் முதலில் தலைமறைவாகிறவர் கட்டியவர்தான். அதன் கீழே செத்துக்கிடப்பவர் பெரும்பாலும் சித்தாள்.

எனவே நாட்டின் சராசரி வருமானம் மட்டும் உயிரைக் காப்பாற்றுவதில்லை. அம்பிரசேஸ், பில்ஹாம் என்ற இரு அறிஞர்கள் 2011இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து செத்தவர்களில் 83 விழுக்காட்டினர், தம் வருமான நிலைக்குப் பொருந்தாத அளவுக்கு ஊழல் மலிந்த ஏழை நாடுகளைச் சேர்ந்தவர்கள். கம்பி, சிமெண்ட், கையெழுத்து மூன்றும் மறைந்திருந்து விலைபோகும் தொழில் கட்டுமானம். பூசி வெள்ளையடித்த பிறகு உள்ளே ரிங் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? துருக்கி நடுத்தர வருமான நாடு. நல்ல விதிகள் ஏட்டில் உண்டு. 2018இல் தேர்தலை ஒட்டி, விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமன்னிப்பு வழங்கினார்கள். 2023 பிப்ரவரி 6 அன்று அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

இதுவரை நாடுகளைப் பற்றிப் பேசினோம். நாடு என்பது ஒரே வீடல்ல. ஜப்பான் பணக்கார நாடு. 1995 ஜனவரி 17இல் கோபே நகரம் குலுங்கி 6,434 பேர் இறந்தார்கள். 1981இல் திருத்திய விதியின்படி கட்டியவை பெரும்பாலும் நின்றன. கனமான ஓட்டுக்கூரை போட்ட பழைய மரவீடுகள் விழுந்தன. நகாட்டா என்னும் வார்டு விழுந்தது, எரிந்தது. அங்கே குடியிருந்தவர்களில் கொரிய வம்சாவளியினர் உண்டு, வியட்நாமிலிருந்து வந்த அகதிகள் உண்டு, புராக்குமின் மக்கள் உண்டு. தோல் பதனிட்டதாலும் செத்த மாட்டை அகற்றியதாலும் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்களின் வாரிசுகள் இந்தப் புராக்குமின்கள். நகாட்டாவின் முக்கியத் தொழில் காலணி தயாரிப்பு. இதற்கு மேல் இந்த அவைக்கு விளக்கம் தேவையில்லை.

நம் பக்கம் வருவோம். 1993 செப்டம்பர் 30, அதிகாலை நான்கு மணியை ஒட்டி, மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். முந்தைய நாள்தான் பிள்ளையாரைக் கரைத்துவிட்டு மக்கள் வந்து படுத்திருந்தார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். இங்கே நம் சூத்திரம் ஒரு நிமிடம் தடுமாறுகிறது, அதை மறைக்கக் கூடாது. கொன்றது அகலமான கல்சுவர்: உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவே சல்லியும் மண்ணும், இரண்டையும் கோக்கும் குறுக்குக் கல் கிடையாது. மேலே மண்கூரை. இப்படிக் கட்ட வசதி வேண்டும். கூரைக் குடிசையில் படுத்திருந்த ஏழைகளில் பலர் தப்பினார்கள். குடிசை விழுந்தாலும் கொல்லாது. ஊருக்குள் கல்வீடு கட்ட விடாமல் ஒதுக்கி வைத்த சாதி அமைப்பே அன்று சேரியில் சில உயிர்களை விட்டுவைத்தது. வரலாற்றின் இந்தக் கோணல் சிரிப்பை என்னவென்று சொல்வது?

ஆனால் நிலநடுக்கம் நிலம் நின்றதும் முடிந்துவிடுவதில்லை. உலக வங்கிக் கடனில் மறுவாழ்வுத் திட்டம் வந்தது. மிக மோசமாக இடிந்த ஐம்பது கிராமங்களுக்கு மேல் வேறிடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டின் அளவை எதை வைத்து முடிவு செய்தார்கள் தெரியுமா? நிலத்தை வைத்து. நிலமற்றோருக்கு 250 சதுர அடி. நடுவில் இருந்தவர்களுக்கு 400. ஏழு ஹெக்டேருக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு 750. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதல்ல கேள்வி, எத்தனை ஏக்கர் என்பதே கேள்வி. பழைய ஊரில் நிலம் போட்ட கோட்டைப் புதிய ஊரில் சிமெண்டில் போட்டார்கள்.

2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் நடுங்கியபோதும் இதுவே வேறு உருவில் நடந்தது. பணமும் தானியமும் எல்லோருக்கும் சமமாகவே ஒதுக்கினோம் என்றது அரசு. முகாம்களோ சாதிவாரியாகப் பிரிந்தன. தலித்துகளும் முஸ்லிம்களும் இருந்த இடங்களில் தங்குமிடமும் மின்சாரமும் தண்ணீரும் மற்ற முகாம்களுக்கு ஈடாக இல்லை என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். சுமார் ஐந்து லட்சம் வீடுகள் தரைமட்டமாயின. வீடு கட்ட மூன்று லட்சம் நேபாள ரூபாய் தவணைகளாகத் தரப்படும் என்றார்கள். கேட்ட ஆவணம் நிலப்பட்டா. தலைமுறையாகப் பண்ணையாரின் புறம்போக்கிலும் ஆற்றங்கரையிலும் குடியிருந்த தலித்துகளிடம் அது எப்படி இருக்கும்? இடிந்தது உன் வீடுதான், ஆனால் அது உன்னுடையது என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற பதிலைக் கேட்டு மழைக்காலத்தைத் தகரக் கொட்டகையில் கழித்தார்கள். பலத்த போராட்டத்துக்குப் பிறகே விதியைத் தளர்த்தினார்கள்.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கம்தான் இரண்டரை மணி நேரத்தில் ஆழிப்பேரலையாக நாகப்பட்டினத்துக்கு வந்தது. அப்போது முதுகலை முடித்திருந்த நாங்கள் சிலர், அடுத்த மாதம் அங்கே போனோம். இழப்புக் கணக்கெடுப்பில் படகுக்கு ஒரு பத்தி இருந்தது. வலைக்கு ஒரு பத்தி, எஞ்சினுக்கு ஒரு பத்தி. படகில்லாமல், கரையில் கூடை சுமந்து, கருவாடு காயவைத்து, உப்புநீர் ஏறிப்போன வயலில் கூலிக்குப் போய்ப் பிழைத்தவர்களுக்குப் பத்தி இல்லை. அவர்கள் எதையும் இழக்கவில்லை என்றது தாள். கடலோர மீனவரும் எளியவர்தான், அவர் இழப்பு பேரிழப்புதான். அதில் நமக்கு ஐயமில்லை. அவரை அடுத்து நின்றவரைத் தாள் பார்க்கவே இல்லை என்பதைத்தான் சொல்கிறோம். அழுகிய உடல்களை எடுக்க வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரிகளில் கொண்டுவந்தார்கள். அவர்கள் என்ன சாதி என்று எந்தப் பத்தியிலும் எழுதத் தேவையிருக்கவில்லை.

அன்று நாங்கள் அரிசி மூட்டையும் துணியும் கொண்டுபோனோமே தவிர, ஒரு நோட்டு கொண்டுபோகவில்லை. அது எங்கள் தவறு. இந்த அவையில் இருக்கும் மாணவர்கள் அடுத்த பேரிடரில் நிவாரணத்துக்குப் போகும்போது கையில் நோட்டு இருக்கட்டும். இடிந்த வீடு எந்தக் கல்லில், எந்தச் சாந்தில் கட்டியது. மேலே பெல்ட் கான்கிரீட் ஓடியதா இல்லையா. அது அரசு கட்டிக் கொடுத்த வீடு என்றால் ஒப்பந்தக்காரர் யார், எந்த ஆண்டு. மனை யார் பெயரில் இருக்கிறது. கணக்கெடுக்க வந்தவர் தெருவுக்குள் வந்தாரா, ஊர் முனையிலேயே நின்று பெயர் கேட்டுப் போனாரா. முகாமில் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம். உடல்களை எடுத்தவர்கள் யார், அவர்களுக்குக் கையுறை கொடுத்தார்களா, கூலி கொடுத்தார்களா. முதல் பத்து நாளில் எழுத வேண்டியவை இவை. பதினோராம் நாள் புல்டோசர் வந்து சுவரைக் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விடும்.